மொனாலிசா என்பவர் யார்?

மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள் பற்றிக் கேட்டதும் லியனாடோ டாவின்சியின் 'மொனாலிசா' உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஓவியத்திலுள்ள பெண் யார்? அதற்கு ஆதாரம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதன் மூலம் மூலாதாரங்களின் பெறுமதியையும் நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

ஐயம் எழுந்தமைக்கான காரணம்

இவ்வோவியத்தில் ஓவியரின் கையொப்பமோ திகதியோ பெண்ணின் பெயரோ இல்லை. புளோரன்ஸ் நகரப் பட்டு வணிகரான பிரான்சிஸ்கோ டெல் ஜியோகொண்டோவின் மனைவி லிசாவே இப்பெண் என 1550 இல் ஜோர்ஜியோ வசாரி தமது நூலில் எழுதினார். எனினும் 1519 இல் லியனாடோ இறந்தபோது வசாரி ஏழு வயதுச் சிறுவன். ஓவியமும் அப்போது பிரான்சில் இருந்தது. கேள்விப்பட்டதையே அவர் எழுதியிருக்கலாம் எனப் பலர் ஐயுற்றனர். மான்டுவாவை ஆண்ட குடும்பத்தைச் சேர்ந்த இசபெல்லா டெஸ்டே எனச் சிலர் கூறினர். ஓவியர் தம்மையே பெண்ணாக வரைந்தார் என வேறு சிலர் கூறினர்.

ஐயத்தை நீக்கிய குறிப்பு

2005 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழக நூலகத்தில், 1477 இல் அச்சிடப்பட்ட சிசரோவின் கடிதத் தொகுப்பு ஒன்றின் ஓரத்தில் கையெழுத்துக் குறிப்பொன்று கண்டறியப்பட்டது. அதனை எழுதியவர் புளோரன்ஸ் அரசாங்க எழுதுவினைஞரான அகொஸ்தினோ வெஸ்பூச்சி. லிசா டெல் ஜியோகொண்டோவின் முகத்தை லியனாடோ வரைந்து வருவதை அவர் 1503 ஒக்டோபரில் அங்கு குறித்திருந்தார். அதே நகரில், அதே காலத்தில் வாழ்ந்தவரின் குறிப்பாகையால் இது முதல்நிலை மூலாதாரமாகும். வசாரியின் கூற்று இதனால் வலுப்பெற்றது. இன்று பெரும்பாலான அறிஞர்கள் அதனை ஏற்கின்றனர்.

லிசாவின் வாழ்க்கை

லிசா 1479 இல் புளோரன்சில் கெரார்தினி குடும்பத்தில் பிறந்தார். 1495 இல், பதினைந்தாவது வயதில், தம்மிலும் மிக மூத்தவரான பிரான்சிஸ்கோவை மணந்தார். ஓவியம் தொடங்கப்பட்டபோது அவருக்கு வயது 24. அவர் அரசியுமல்லர், தேவதையுமல்லர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு வணிகர் வீட்டுப் பெண். 'மொனா' என்பது இத்தாலியில் மணமான பெண்ணை மதித்து அழைக்கும் சொல். எனவே 'மொனாலிசா' என்பதை 'திருமதி லிசா' எனக் கொள்ளலாம்.

ஓவியம் அவரது வீட்டைச் சென்றடையவில்லை. லியனாடோ அதனைத் தம்முடன் பிரான்சுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அது பிரெஞ்சு மன்னருக்கு உரியதாயிற்று. தற்போது பாரிசிலுள்ள லூவர் நூதனசாலையில் உள்ளது.

நினைவிற் கொள்க

மத்திய காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் பெரும்பாலும் சமயக் கருப்பொருள்களையே வரைந்தனர். மறுமலர்ச்சிக் காலத்தில் சாதாரண மனிதரும் ஓவியத்திற்கு உரியவராயினர். மனிதநேயவாதத்தை விளக்கும்போது லிசாவை உதாரணமாகக் காட்டுங்கள்.

பயிற்சி வினா

வசாரியின் நூலைவிட வெஸ்பூச்சியின் குறிப்பு நம்பகமானதாகக் கருதப்படுவதற்கான இரு காரணங்களைத் தருக.