புளிக்கக் கூடாத மாவு!

இட்லிக்கு மாவு அரைத்தால் என்ன செய்வோம்? இரவு முழுவதும் புளிக்க வைப்போம். காலையில் மாவு பொங்கி நின்றால்தான் வீட்டுக்காரிக்கு நிம்மதி.

ஆனால் அதே அரிசியையும் உளுந்தையும் வைத்துக்கொண்டு, "ஐயோ, புளித்துவிடக் கூடாதே!" என்று கவலைப்படுகிற நாள் ஒன்று உண்டு. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்கு அது பெரிய வியாழன். ஏசுநாதர் தம் சீடர்களோடு கடைசி இராவுணவு அருந்திய நாள்.

கி.பி. 52-ல் ஏசுவின் சீடர் தோமா முசிறித் துறைப் பக்கம் வந்து இறங்கினார் என்பது இந்தக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. நம் சங்கப் பாட்டில் வருகிற அதே முசிறிதான்! பல நூற்றாண்டுகளாக இவர்கள் கோவிலில் சிரியாக் மொழியில் ஜெபித்து வந்தார்கள். அந்த மொழிச் சொல் சமையலறைக்கும் வந்துவிட்டது. 'பெசகா அப்பம்' என்கிறார்கள். பெசகா என்றால் பஸ்காப் பண்டிகை.

அப்பம் என்றதும் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும் ஆப்பத்தை நினைக்க வேண்டாம். அதற்குக் கள் ஊற்றிப் புளிக்க வைப்பார்கள். இதில் கள்ளும் கிடையாது, ஈஸ்டும் கிடையாது. வறுத்த அரிசி மாவு நாலு பங்கு என்றால், ஊற வைத்து அரைத்த உளுந்து ஒரு பங்கு. தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், உப்பு. வீட்டுக்கு வீடு அளவு மாறும். மாமியார் சொன்ன அளவுதான் சரி என்று சாதிக்கும் மருமகளும் உண்டு, இல்லை என்று சாதிக்கும் மருமகளும் உண்டு! தட்டில் ஊற்றி, குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் கொடுத்த ஓலையைக் கிள்ளிச் சிலுவையாக நடுவில் வைத்து, ஆவியில் வேக விடுகிறார்கள்.

மாவைக் கரைத்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது. அந்த ஊர் வெயிலில் உளுந்து மாவு தானாகவே புளிக்க ஆரம்பித்துவிடும். உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

ஏன் இந்த அவசரம்?

வீட்டுப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேல் மக்கள் ஓர் இரவில் விடுதலை பெற்றுப் புறப்பட்டார்கள். மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரம் இல்லை. புளிக்காத மாவைத்தான் சுட்டுத் தின்றார்கள். அந்த நினைவைத்தான் யூதர்கள் பஸ்காவாகக் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று யாத்திராகமத்திலேயே இருக்கிறது. பள்ளிப் பாடமாகச் சொன்னால் மறந்து போகும். பசியோடு அடுப்படியில் நிற்கும்போது சொன்னால் மறக்குமா?

ராத்திரி கோவிலிலிருந்து வந்ததும் விளக்கேற்றி எல்லாரும் கூடி ஜெபிக்கிறார்கள். தகப்பனார் அப்பத்தை வெட்டுகிறார். மூத்தவரில் தொடங்கி, கைக்குழந்தைவரை ஒவ்வொருவராக வாங்குகிறார்கள். தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் காய்ச்சிய 'பெசகாப் பால்'. ஏலம், சுக்கு மணக்கும். ஒரு துணுக்குகூடக் கீழே சிந்தக் கூடாது. சாதாரண நாளில் சோற்றைச் சிந்திவிட்டு ஓடும் பையன் அன்றைக்கு மட்டும் உள்ளங்கையைக் குவித்துப் பிடிக்கிறான்.

சிலுவை வைத்த அப்பம் வீட்டாருக்கு மட்டும் என்பது பல குடும்பங்களில் வழக்கம். அப்படியானால் பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் நண்பர்களுக்கு? அவர்களுக்கென்று சிலுவை வைக்காத அப்பம் தனியாக வேகிறது. விதியையும் விடவில்லை, அயலாரையும் விடவில்லை. பெண்கள் கண்ட வழியாகத்தான் இருக்க வேண்டும்!

மார்த்தாளின் கொழுக்கட்டை

இதற்கு ஐந்து நாள் முன்னால், குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை, இன்னொரு பலகாரம். நமக்குப் பழக்கமானதுதான். தேங்காயும் வெல்லமும் வைத்த கொழுக்கட்டை! அந்த நாளுக்கே 'கொழுக்கட்டைச் சனி' என்று பெயர். பெத்தானியா ஊரில் லாசரு வீட்டில் ஏசுநாதருக்கு விருந்து நடந்ததன் நினைவு என்கிறார்கள்.

லாசருவின் சகோதரிகள் மார்த்தாள், மரியாள். முன்பு ஒரு தடவை மரியாள் ஏசுவின் காலடியில் உட்கார்ந்து உபதேசம் கேட்டாள். மார்த்தாளுக்கோ அடுப்படி வேலை. தங்கை உதவவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். மரியாள்தான் நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்று ஏசு பதில் சொன்னார். இந்தக் கதையைப் பிரசங்கத்தில் கேட்கிற குடும்பப் பெண்களுக்கு மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது: எல்லாரும் உட்கார்ந்துவிட்டால் விருந்தை யார் சமைப்பது? யோவான் எழுதிய சுவிசேஷத்தைப் பார்த்தால், கடைசி வாரத்து அந்த விருந்திலும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். கொழுக்கட்டை பிடிக்கும் கைகளுக்கு அது போதும்.

அடுப்பு எரியாத வீடு

ஒரு வருடத்துக்குள் சாவு நடந்த வீட்டில் பெசகா அப்பம் சுடுவதில்லை. புருஷனை இழந்தவளோ, பிள்ளையைப் பறிகொடுத்தவளோ அன்று மாவு கரைக்க வேண்டியதில்லை. அதற்காக அந்த வீட்டாரைச் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. உறவினரோ, பக்கத்து வீட்டாரோ தங்கள் வீட்டில் ஓர் அப்பம் கூடுதலாக வேக வைக்கிறார்கள். இருட்டுகிற நேரத்தில் அதை வாழை இலையில் மூடி, ஒரு செம்பில் பாலும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படி ஏறுகிறார்கள்.