நாலு நாள் முன்னால் சொல்லிப் போகிறவர்

தீபாவளி வியாபாரம் ஓய்ந்து, போனஸும் கொடுத்து முடித்த பிறகு, "அண்ணாச்சி, வர்ற திங்கள்கிழமையிலேர்ந்து நான் வரலை" என்று பணியாளர் வந்து நிற்பது நம்மில் பலருக்கும் பழகியதுதான். உடனே நம் வாயில் வருகிற சொல் 'நன்றி கெட்டவன்'. கல்லாவில் கை வைத்தவர் போல அவரும் தலைகுனிந்து நிற்பார். இது நியாயமா?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947), 41-ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமோ ஒரு மாத முன்னறிவிப்போ இன்றி நீக்கக்கூடாது என்று முதலாளியைத்தான் கட்டுப்படுத்துகிறது. விலகுகிறவர் இத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. நியமனக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அது வேறு விஷயம். நம்மில் எத்தனை பேர் கடிதம் கொடுக்கிறோம்? வாய்ப்பேச்சில் சேர்ந்தவர் வாய்ப்பேச்சில் விலகுகிறார். நம்மில் பலரும் ஒரு காலத்தில் யார் கடையிலோ பொட்டலம் மடித்து, விலகி வந்து தனிக்கடை போட்டவர்கள்தாமே! சொல்லாமல் நின்றுவிடுகிறவரை இதில் சேர்க்கவில்லை.

போகிறவரிடம் நாள் கேட்பதைவிட விவரம் கேட்பதே லாபம். எந்த ஊர்க் கடைக்காரர் சந்தை நாளில்தான் நிலுவை தருவார், யாருக்கு எந்த ரகப் பருப்பு அனுப்பினால் திரும்பி வராது, எந்த மூட்டையில் எடை குறைவு என்று தகராறு நிற்கிறது என்பதெல்லாம் பேரேட்டில் இருக்காது, அவர் தலையில் இருக்கும். இரண்டு மாலை உட்கார்ந்து அடுத்த ஆள் எழுதிக்கொண்டால் போதும். சாவிக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். திட்டி அனுப்பினால் இதில் ஒன்றும் கிடைக்காது.

சம்பளத்தைப் பிடித்துவைத்து ஆளை நிறுத்தும் பழக்கம் சில கடைகளில் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, தாமே விலகியவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும். முன்பணம் இருந்தால் அவர் எதிரிலேயே கணக்குப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையென்றால், ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. தாமே விலகினார் என்று மறுக்க முடியாது. பணிக்கொடைக்குரிய மாதச் சம்பளம் ரூ.15,600 என்றால், 26-ஆல் வகுக்க நாளுக்கு ரூ.600. ஆண்டுக்கு 15 நாள் வீதம் ரூ.9,000. ஏழாண்டுக்கு ரூ.63,000. இதை 30 நாட்களுக்குள் கொடுத்து ரசீது வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.