ஸ்பானரில் குடியேறிய தேவி

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் புழங்கும் ஸ்பானர்கள் பலவற்றின் தண்டில் 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருக்கும். குரோமியத்தைப் பலருக்கும் தெரியும். வனேடியத்துக்கோ ஸ்காண்டிநேவியப் புராணத்துத் தேவி ஃப்ரேயாவின் மறுபெயரான வனாடிஸ்தான் தாய்ப்பெயர். அழகுக்கும் காதலுக்கும் உரியவள் அவள், போருக்கும் உரியவள். களத்தில் மாண்ட வீரர்களில் பாதிப் பேர் அவளைச் சேர்வார்கள் என்கின்றன அந்தக் கதைகள்.

பெயர் வந்தது அழகுக்காக. 1801-இல் மெக்சிகோவில் டெல் ரியோ என்பவர் ஈயத் தாது ஒன்றில் இத்தனிமத்தை முதலில் கண்டார். அது குரோமியம்தான் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஒருவர் தவறாகச் சொல்லிவிட, டெல் ரியோவும் பின்வாங்கினார். 1830-இல் ஸ்வீடனின் செஃப்ஸ்ட்ராம் அதை மீண்டும் கண்டெடுத்தார். அதன் சேர்மங்கள் காட்டிய வண்ணங்களில் மயங்கித் தேவியின் பெயரைச் சூட்டினார். இரண்டும் ஒன்றே என மறு ஆண்டு ஜெர்மனியின் வோலர் நிரூபித்தார். ஆனாலும் டெல் ரியோ வைத்த பெயர் திரும்பவில்லை.

வானியலாளர்களும் அவளை விடவில்லை. 1862-இல் கண்ட சிறுகோள் ஃப்ரேயா, 1884-இல் கண்டது வனாடிஸ்.

பட்டறைக்கு வேண்டியது அவளுடைய போர்க்குணம். ஸ்பானர் உருக்கில் வனேடியம் பெரும்பாலும் கால் சதவீதம்கூட இருக்காது. அந்தச் சிறு அளவே கார்பனோடு சேர்ந்து நுண்துகள்களாகி, சூடேற்றும்போது உருக்கின் படிக மணிகள் பெருத்துவிடாமல் தடுக்கிறது. மணி சிறுத்தால் உருக்கு வலுவாகும், எளிதில் விரிசல் விடாது. டிரில் பிட்டுக்கான எம்2 வகை அதிவேக (எச்.எஸ்.எஸ்.) உருக்கில் வனேடியம் ஏறக்குறைய 2 சதவீதம். அங்கே அந்தத் துகள்கள் முனை தேயாமல் காக்கின்றன.

பெயர் வருவதற்கு முன்பே இந்தத் தனிமம் வாளிலும் இருந்தது. தென்னிந்திய உருக்குக் கட்டிகள் மேற்காசியா போய் டமாஸ்கஸ் வாள்களாயின. அவற்றின் நீரலை போன்ற வரிகளுக்கு, தாதுவில் இயற்கையாகவே கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே காரணம் என்று 1998-இல் அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவன் குழுவினர் விளக்கினர்.

செஃப்ஸ்ட்ராமை மயக்கிய வண்ணங்களுக்கும் இப்போது வேலை வந்திருக்கிறது. சூரிய மின்சாரத்தைச் சேமிக்க உதவும் வனேடியம் மின்கலத்தை 1980-களில் ஆஸ்திரேலியாவில் மரியா ஸ்கைலாஸ் கசாகோஸ் உருவாக்கினார். அதன் இரு தொட்டிகளிலும் வனேடியக் கரைசலே ஓடுகிறது. முழுதாக மின்னேறியதும் ஒரு தொட்டியில் மஞ்சள், மற்றதில் ஊதா. மின்சாரம் தீரத் தீர, மஞ்சள் நீலமாகும், ஊதா பச்சையாகும்.