கல்லூரி வாசல் – 6: தெரிந்த கணக்குதான்

பொறியியல் முதல் செமஸ்டரில் முதல் இன்டர்னல் தேர்வுத் தாள் கைக்கு வரும் வாரம் பொல்லாதது. 'மேத்ஸ் புட்டுக்கிச்சு' என்று ஹாஸ்டல் வராந்தா முழுக்க ஒரே பேச்சாக இருக்கும். அப்படிச் சத்தமாகச் சொல்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அவர்கள் எப்படியும் கரையேறிவிடுவார்கள். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் மெஸ்ஸுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும். அவர்களில் நிறைய பேர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள்.

இவர்கள் கல்லூரிக்குள் வந்த பாதை சாதாரணமானதல்ல. நீதிபதி முருகேசன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து, பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் சட்டமானது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பணம் இல்லாததால் படிப்பை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இந்த உதவியின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் சேர்ந்த முதல் மாதத்தில், வகுப்பறைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த ஐம்பது நிமிடத்தில், அவர்களுக்குக் கை கொடுக்க யாரும் இல்லை.

தமிழ்வழியில் படித்த ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். பிளஸ் டூ கணக்கில் 90-க்கு மேல். இன்டர்னலில் இரண்டு மார்க் கேள்விகளில் பாதியைத் தொடவே இல்லை. ஒரு கேள்வி: மூன்று வரிசை கொண்ட ஓர் அணி, அதன் ஐகன் மதிப்புகளின் கூடுதலும் பெருக்கற்பலனும் என்ன? முதல் வரிசையில் 2, 0, 1. அடுத்து 0, 2, 0. கடைசியில் 1, 0, 2. "அணிக்கோவை போடத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் சார்." அங்கேயே நின்றபடி போட்டாள், 6 வந்தது. "அதுதான் பெருக்கற்பலன். முதன்மை மூலைவிட்டத்தில் இருக்கிற மூன்று எண்ணையும் கூட்டு." அதுவும் 6. இரண்டு மார்க் முடிந்தது. "டிடர்மினன்ட், டிடர்மினன்ட்னு மேடம் சொன்னது இதைத்தானா சார்?" என்று கேட்டவள், கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதமாக அந்த வகுப்பில் நடந்ததில் முக்கால்வாசி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு. அது தெரியாமலே, தனக்கு இன்ஜினீயரிங் வராது என்ற முடிவுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான். பாடம் புரியாமல் தோற்பது வேறு. தெரிந்த பாடத்தைத் தெரியாது என்று நம்பி ஒதுங்குவது வேறு.

இப்படித் தவிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் புத்தகங்களைத் தம்பி தங்கைக்கோ பழைய பேப்பர் கடைக்கோ கொடுத்துவிடாதீர்கள், ஹாஸ்டலுக்குக் கொண்டு வாருங்கள். அதே புத்தகங்களின் ஆங்கிலவழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாட வரிசையும் எடுத்துக்காட்டுக் கணக்குகளும் இரண்டிலும் ஒன்றுதான். செல்போனில் அதை இறக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஏற்கெனவே போட்ட கணக்கையே ஆங்கிலத்தில் ஒரு முறை படியுங்கள். தினமும் அரை மணி நேரம் போதும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதை இரண்டாம் செமஸ்டருக்குத் தள்ளிப்போடலாம்.

வகுப்பில் சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். 'சார், இந்த ஸ்டெப் எப்படி வந்துச்சு?' என்று கேட்பதற்கு இலக்கணம் எதற்கு?

சீனியர்களிடமும் போகலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996-ல் ராகிங்கில் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் பெற்றோர் மறக்கக் கூடாதவை. ராகிங் என்று தெரிந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் புகார் கொடுங்கள். அதற்காக எல்லா சீனியர்களையும் கண்டு ஒதுங்கவும் வேண்டாம். தமிழ்வழியில் படித்து முதல் வருடத்தைத் தாண்டிய ஓர் அண்ணனோ அக்காவோ உங்கள் டிபார்ட்மென்ட்டிலேயே இருப்பார். எந்த யூனிட்டில் கை வைத்தால் பாஸ் ஆகலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். பழைய கேள்வித்தாள்களும் அவரிடம் இருக்கும்.

அரியர் விழுந்துவிட்டால் வீட்டில் மறைக்காதீர்கள். ஆனால் அதற்கு முன்பே பயந்துவிடவும் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் இப்போதைய விதிப்படி தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. முதல் இன்டர்னலில் விட்டதைப் பிடிக்க நேரம் இருக்கிறது. பயத்தில் வகுப்பை கட் அடித்து, 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வே எழுத முடியாமல் போவதுதான் மீளக் கடினமான பள்ளம்.

ஆசிரியர்களிடமும் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கிய பல்கலைக்கழகம் நம்முடையது. எல்லாப் படிப்பையும் தமிழுக்கு மாற்றச் சொல்லி இங்கே நான் வாதாடவில்லை. முதல் மாதம் மட்டும், போர்டில் ஆங்கிலத்தில் எழுதியதை வாயால் தமிழிலும் ஒரு முறை சொல்லுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. வகுத்திருக்கிறது. பல இடங்களில் அது தன்னம்பிக்கைப் பேச்சிலும் விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதிலும் கரைந்துபோகிறது. அந்த மூன்று வாரத்தில் தினம் ஒரு மணி நேரம், தமிழ்வழி மாணவர்களைத் தனியாக உட்காரவைத்து பிளஸ் டூ கணக்கை ஆங்கிலத்தில் திரும்பப் போடவைத்தால் போதும். அதற்குத் தனி நிதி வேண்டாம், அரசாணை வேண்டாம். துறைத்தலைவர் ஒருவர் மனது வைத்தால் வருகிற செப்டம்பரிலேயே தொடங்கிவிடலாம்.

(தொடரும். அடுத்த வாரம்: ஹாஸ்டலும் கைச்செலவும்)