ஒறுப்பும் ஊக்கமும்

இசுரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் மாலைதோறும் ஒரு தொல்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டிய பெற்றோரிற் சிலர் காலந்தாழ்த்தி வந்தனர். பொருளியலறிஞர் யூரி நீசியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் ஆறு காப்பகங்களில் ஒரு விதியைப் புகுத்திப் பார்த்தனர்: 10 மணித்துளிக்கு மேல் பிந்தினால் 10 சேக்கல் தண்டம். பிந்துவோர் தொகை குறையவில்லை, ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆசிரியை காத்திருப்பாரே என்னும் கூச்சம் முன்பு பெற்றோரை விரையச் செய்தது. இப்போது அக்காத்திருப்புக்கு விலை குறித்தாயிற்று, அதுவும் மலிவான விலை. தண்டத்தை நீக்கிய பின்னும் பழைய கூச்சம் மீளவில்லை என்கிறது 2000இல் வெளியான அவ்வாய்வு.

நாடுகளுக்கோ கூச்சம் குறைவு, கணக்கு மிகுதி. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்புக் குப்பிகளிலும் பயன்பட்ட குளோரோஃப்ளூரோ கார்பன்கள் (சிஎப்சி) ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலறிஞர் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இலேயே எச்சரித்தனர். ஆயினும் ஒரு நாடு மட்டும் உற்பத்தியை நிறுத்தினால், அதன் சந்தையை அண்டை நாடு கைப்பற்றும். இழப்பு நிறுத்தியவனுக்கு, காக்கப்பட்ட வானமோ அனைவர்க்கும் பொது. 1987இன் மொன்றியால் உடன்படிக்கை இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டது. உடன்படாத நாட்டிடமிருந்து உறுப்பு நாடுகள் இவ்வேதிப்பொருள்களை வாங்கலாகாது. பின்னர் விற்கவும் கூடாது என்றாயிற்று. வெளியே நிற்பதே இழப்பானது.

இவ்வளவும் போதவில்லை. செல்வ நாடுகள் அரித்த படலத்துக்கு எங்கள் ஆலைகள் ஏன் செலவழிக்க வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் கேட்டன, நேர்மையான கேள்விதான். 1990இல் இலண்டனில் கூடியோர், ஆலைகளை மாற்றுவதற்கான கூடுதற் செலவை ஏற்கும் பன்னாட்டு நிதியத்துக்கு இசைந்தனர். சீனா 1991இலும் இந்தியா 1992இலும் உடன்பட்டன. 2009இல் உலக நாடுகள் அனைத்தும் உள்ளே வந்துவிட்டன.

ஊக்கத்தொகையும் தவறான இடத்தில் விழுவதுண்டு. குளிரூட்டிகளுக்கான எச்சிஎப்சி-22 என்னும் வளியைச் செய்கையில் எச்எப்சி-23 என்னும் கழிவு வளி சிறிதளவு பிறக்கிறது. அதன் ஒரு டன், புவியைச் சூடாக்குவதில் 11,700 டன் கரியமில வளிக்கு ஒப்பென்று அன்று கணிக்கப்பட்டது. புவி வெப்பமாதலுக்கு எதிரான கியோட்டோ உடன்படிக்கையின் கீழ், இதனை எரித்தழிக்கும் ஆலைகளுக்கு விற்கத்தக்க கரிமச் சான்றுகள் வழங்கினர். பெரும்பாலானவை சீனாவுக்கும் இந்தியாவுக்கும் சென்றன. எரிக்க ஆகும் செலவோ அற்பம். முதன்மைப் பொருளை விற்றுப் பெறுவதினும் கழிவை எரித்துப் பெறுவது மிகுதியாயிற்று! சான்றுகளைக் கழிவின் அளவாலே வகுத்துவிட்டபின், கழிவைக் குறைக்க எந்த முதலாளி முயல்வான்? உருசிய ஆலைகள் சில, சான்றுக்கான வரம்பு தளர்ந்த பின் கழிவு வளியை மிகுதியாகவே உண்டாக்கின என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே, 2013இல், ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் இச்சான்றுகளைத் தடை செய்துவிட்டது.

என் மதிப்பீட்டில், தொகையின் பெருமையைவிடக் கண்காணிப்பின் கூர்மையே வலிது. தடை செய்யப்பட்ட சிஎப்சி-11 மீண்டும் மிகுதியாக வெளியேறுவதை 2018இல் அறிவியலாளர் அறிவித்தனர். கொரியாவின் சேசுத் தீவிலும் சப்பானின் ஹத்தெருமாத் தீவிலும் எடுத்த அளவீடுகள் கிழக்குச் சீனாவைச் சுட்டின. சீன அரசு ஆலைகளைச் சோதிக்க முனைந்தது. 2019இல் வெளியேற்றம் சரிந்தது.

எச்எப்சி-23ஐ ஆலைகள் தம் செலவிலேயே எரிக்கவேண்டும் என 2016 அக்டோபரில் இந்தியா ஆணையிட்டது. இவ்வளியை ஏறத்தாழ ஒழித்துவிட்டதாக இந்தியா, சீனா ஆகிய இரு நாடுகளின் அறிக்கைகளும் கூறின. ஆனால் 2018இல் உலகக் காற்றில் கலந்த எச்எப்சி-23 அதுவரை கண்டவற்றுள் மிகப் பெரிய அளவு என்று அளவீடுகள் காட்டின.