பிரம்பெடுக்காத வாத்தியார்

“கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், வாத்தியாரே!”

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வருகிற தகப்பன், கைகட்டி நின்று சொல்லிவந்த வாசகம் இது. சொன்னவன் கொடியவனல்லன், பாடுபடுகிறவன். தன்னைப் போலத் தன் மகனும் மூட்டை சுமக்கக் கூடாதே என்ற கவலை அவனுக்கு. அடி விழுந்தால்தான் படிப்பு ஏறும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள், அவன் நம்பிவிட்டான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியிலே பிள்ளையை அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கூடாதென்று 17ஆம் பிரிவிலே தடுத்துவிட்டது. நல்லது! சட்டம் பிரம்பைப் பிடுங்கும். ஆனால், பிரம்பின்மேல் நாம் வைத்திருக்கிற நம்பிக்கையை யார் பிடுங்குவது?

அந்தக் காரியத்தைச் செய்து காட்டிய ஒரு வாத்தியாரைப்பற்றி இன்று சொல்லுகிறேன், தோழர்களே! அவர் பிறந்தது நம் நாட்டிலன்று, உக்ரைன் நாட்டிலே. பெயர் வசீல் சுகொம்ளின்ஸ்கி. வாழ்ந்தது பாவ்லிஷ் என்ற சிற்றூர். பெரிய பட்டணங்கள் எத்தனையோ இருக்க, அந்தச் சிற்றூரின் ஒரு பள்ளிக்கூடத்தையே தம் உலகமாக்கிக் கொண்டவர் அவர்.

1918ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஓர் ஏழைக் குடியானவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தச்சு வேலை அறிந்தவர். அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள். நால்வருமே ஆசிரியரானார்கள்! உளி பிடித்தவன் வீட்டிலிருந்து நான்கு விளக்குகள். வசீல் வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழைந்தது 1935இல்; வயது பதினேழு.

பிறகு வந்தது போர். 1941இல் இட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்தது. வாத்தியார் படைவீரரானார். 1942 பிப்ரவரியில், ர்ஜெவ் நகரை ஒட்டிய போர்முனையில் படுகாயம். குண்டுச் சிதறல்கள் மார்பைத் துளைத்தன. உயிர் தப்பியது, இரும்புத் துண்டுகள் உடலிலேயே தங்கிவிட்டன. சாகும்வரை அவற்றைச் சுமந்தார்.

அதைவிடப் பெரிய குண்டு ஒன்று அவருக்குக் காத்திருந்தது. மனைவி வேரா, பகைவன் பிடித்திருந்த பகுதியிலே சிக்கிக்கொண்டிருந்தாள். விடுதலைப் போராளிகளுக்கு உதவினாள் என்று நாஜி இரகசியப் போலீசு அவளைப் பிடித்தது. சிறையிலே அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பச்சிளங் குழந்தையையும் கொன்றார்கள். சித்திரவதை செய்து தாயையும் கொன்றார்கள். இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள்! முகத்தைக்கூடப் பார்க்காத மகன் கொல்லப்பட்டான். அந்தத் தகப்பன் நெஞ்சில் என்ன மிஞ்சியிருக்க வேண்டும்? பகை, பழி, உலகத்தின்மேலேயே வெறுப்பு. யார் அவரைக் குறை சொல்ல முடியும்? அவரோ மீண்டும் பள்ளிக்கூடத்துக்கே போனார். இழந்த ஒரு பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டார்!

1948இல் பாவ்லிஷ் பள்ளியின் தலைமையாசிரியரானார். மறுமணம் புரிந்த அன்னாவும் அதே பள்ளியில் ஆசிரியை. மகன் ஒருவன், மகள் ஒருத்தி. குடும்பம் குடியிருந்ததும் பள்ளிக் கட்டடத்திலேயே! விடியற்காலையில் எழுந்து, பள்ளி மணி அடிக்குமுன் எழுதுவார். மணி அடித்துவிட்டால் அவர் பிள்ளைகளுக்குச் சொந்தம்.

1951இல் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் சேர இன்னும் ஓராண்டு இருக்கிற ஆறு வயதுப் பிள்ளைகள் 31 பேரைத் தம்மிடம் அனுப்பச் சொன்னார். எப்படிப்பட்ட பிள்ளைகள்? போர் தின்று துப்பிய வீடுகளின் பிள்ளைகள். பலருக்குத் தகப்பன் இல்லை. சிரிக்கவே மறந்த சிறுமுகங்கள்.

அவர்களை நான்கு சுவருக்குள் அடைக்கவில்லை அவர். மரத்தடி, திராட்சைத் தோட்டம், வயல்வெளி இவையே வகுப்பறை. “நீல வானத்தின் கீழ்ப் பள்ளி” என்று அதற்குப் பெயர். கதை சொன்னார், கதை சொல்ல வைத்தார். புல்வெளியைக் காட்டி, படம் வரையச் சொல்லி, படத்தின் கீழே அதன் பெயரை எழுதச் செய்து எழுத்தைக் கற்பித்தார். எழுத்து அவர்களுக்குப் பனித்துளியாகவும் புல்லாகவும் வந்தது, பூச்சாண்டியாக வரவில்லை.

அடி? அந்தப் பேச்சே கிடையாது. தொடக்க வகுப்புகளில் தோல்வி மதிப்பெண்ணும் கிடையாது! பிள்ளை ஒரு வேலையைச் செய்து முடித்தால் மதிப்பெண், முடிக்காவிட்டால் காத்திருப்பார். “இவனுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்” என்று சொல்லத் தோன்றுகிறதா? பொறுங்கள். அந்தப் பள்ளியில் சோம்பலுக்கு இடமில்லை. தோட்டம் உண்டு, பட்டறை உண்டு, பசுங்கூடம் உண்டு. சின்னஞ்சிறு கைகள் மண்ணைக் கொத்தின. தாய்க்கும் தகப்பனுக்கும் பாட்டிக்கும் என்று மரம் நட்டார்கள். முதல் கனி பழுத்ததும் பறித்துக் கொண்டுபோய்த் தாயின் கையிலே கொடுத்தார்கள். வாங்கித் தின்னத் தெரிந்த பிள்ளையை, கொடுத்து மகிழத் தெரிந்த பிள்ளையாக்கினார். இதுவா கெடுப்பது?

பாவ்லிக் என்று ஒரு பையனைப்பற்றி அவர் எழுதியிருக்கிறார். கணக்கு ஏறவில்லை. “இவனுக்குப் படிப்பு வராது” என்று ஆசிரியை முடிவு கட்டிவிட்டாள். மேல்வகுப்புக்குப் போனான். செடிகொடிகளைப்பற்றிப் பாடம் நடத்துகிற ஆசிரியர் அவன் கையைக் கவனித்தார். ஒட்டுப்போடுகிற அருமை, நாற்றைத் தொடுகிற நயம்! அறிவு அவன் விரல்நுனியில் இருந்தது. அது விழித்துக்கொண்டதும் மற்றப் பாடங்களும் வந்தன. அந்தப் பாவ்லிக் பின்னாளில் வேளாண்மை நிபுணன் ஆனான்! முதல் வகுப்பிலேயே முதுகில் நாலு வைத்து, “மரமண்டை” என்று பட்டம் சூட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? ஒரு நிபுணன் தொலைந்திருப்பான்; தொலைத்தவர்களுக்கு அது தெரியக்கூட வந்திராது.

இன்னொன்று செய்தார் அவர். அதுதான் நமக்கு முதன்மையானது. பெற்றோருக்கும் பள்ளி வைத்தார்! பிள்ளை பள்ளியில் சேர்வதற்கு இரண்டாண்டு முன்பே தாயும் தகப்பனும் வந்து உட்கார வேண்டும். குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது, ஏன் பொய் சொல்லுகிறது, ஏன் அஞ்சுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். வயலில் உழைத்த கை, வகுப்பிலே அமர்ந்து கேட்டது. வீட்டில் விழுகிற அடியை நிறுத்தாமல் பள்ளியில் காட்டுகிற அன்பால் பயனில்லை என்று கண்டவர் அவர்.

ஊருக்கு உபதேசம், வீட்டுக்கு வேறு என்று வாழ்ந்தவரல்லர். தம் பதினான்கு வயது மகள், “அப்பா, காதல் என்றால் என்ன?” என்று கேட்டாள். நம் வீடுகளில் என்ன நடக்கும்? சொல்ல வேண்டியதில்லை! அவர் சினக்கவில்லை; சிரித்து மழுப்பவுமில்லை. தாம் சிறுவனாக இருந்தபோது இதே கேள்வியைத் தம் பாட்டியிடம் கேட்டதையும், பாட்டி சொன்ன கதையையும் மடலாக எழுதித் தந்தார். மகனுக்கு எழுதிய மடல்களும் நூலாகியுள்ளன. அந்த மகள் ஓல்கா, கல்வி ஆராய்ச்சியில் பேர்பெற்ற அறிஞரானார்.

எதிர்ப்பே வரவில்லையா? வந்தது! 1967இல், ஆசிரியர்களுக்கென்று நடந்த சோவியத் ஏட்டிலேயே அவரைத் தாக்கிக் கட்டுரை வந்தது. போராட்டந்தான் தேவை, அன்புப் போதனை தேவையில்லை என்பது குற்றச்சாட்டு. “குழந்தைகளுக்கு என் இதயத்தைத் தருகிறேன்” என்ற அவரது பெருநூல் 1968இல் முதலில் ஜெர்மன் மொழியில்தான் வெளிவந்தது. சொந்த நாட்டில் வெளிவந்தது 1969இல். மனைவியையும் மகனையும் பாசிசத்துக்குப் பலிகொடுத்தவருக்கா போராட்டம் தெரியாது? அவர் வாதாடிக் கொண்டிருக்கவில்லை, வகுப்புக்குப் போனார். 1968இல் சோசலிச உழைப்பு வீரர் என்ற உயர்ந்த விருதும் அவரைத் தேடி வந்தது.

1970 செப்டம்பர் 2ஆம் நாள் மறைந்தார். பள்ளி ஆண்டு தொடங்கி மறுநாள்! ஐம்பத்திரண்டு நிறைய 26 நாட்கள் இருந்தன. 22 ஆண்டுகள் ஒரே பள்ளி, ஒரே ஊர்.

அந்த உக்ரைன் மண்ணில் 2022 பிப்ரவரியில் மீண்டும் பெரும்போர் மூண்டது. மீண்டும் தகப்பனை இழந்த பிள்ளைகள். மீண்டும் சிரிப்பை மறந்த முகங்கள். அவரைப் போன்ற வாத்தியார்கள் ஊருக்கு ஒருவர் தேவைப்படுகிறார்கள்.

தோழர்களே! நம்மிடம் மன்றங்கள் இருக்கின்றன; படிப்பகங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு மாலை தாய்தகப்பன்மாரைக் கூட்டுங்கள். ஊர் ஆசிரியரை அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். பிள்ளையைப்பற்றிப் பேசுவதும் பொதுத்தொண்டுதான்.

ஆலையிலும் கழனியிலும் நாள் முழுதும் பிறர் அதட்டலைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர் நாம். அந்த அதட்டலை எதிர்க்க நெஞ்சுரம் பெற்றோம், சங்கம் கண்டோம். அதே அதட்டலை நம் வாசற்படிக்கு உள்ளே, எதிர்த்துப் பேச முடியாத ஒரு சிறு உயிரின்மேல் காட்டலாமா? இன்று மாலை மகன் தப்புக் கணக்கோடு நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவான். ஓங்கப் போகும் கையை ஒரு நொடி நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார வைத்து, “எங்கே, எனக்கும் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். அவன் சொல்லிக் கொடுப்பான்!