தீட்டுக்கல்லைத் தேர்ந்தெடுத்தல்

தக்காளிப் பழத்தின் மேல் கத்தியை வைக்கிறோம். கத்தி கூராக இருப்பின், சற்றே இழுத்த அளவில் தோலைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கிவிடும். மழுங்கியிருப்பின் தோலின்மீது வழுக்கும். நாம் மேலும் அழுத்துவோம். அழுத்திய வேகத்தில் கத்தி சறுக்கி, பழத்தைப் பற்றியிருக்கும் இடக்கை விரலில் பாயும். கூர்மை ஆபத்தானது என்று அஞ்சிக் கத்தியை மழுங்கவிடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

சாணைச் சக்கரத்தைச் சுமந்து தெருத்தெருவாய்க் கூவி வருவோர் இந்நாளில் அருகிவிட்டனர். ஆதலால் தம் கத்தியைத் தாமே தீட்டிக்கொள்ள முற்படுகிறவர், கடையிலே விதவிதமான கருவிகளைக் கண்டு மலைத்து நிற்கிறார். வாங்குமுன், தீட்டுதல் என்பது யாது என்பதைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம்.

கத்தியின் இரு சரிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கும் கோடுதான் அதன் வாய். பயன்படுத்தப் பயன்படுத்த அக்கோடு உருண்டுவிடுகிறது, அதுவே மழுங்கல். இரு சரிவுகளிலும் எஃகைச் சிறிது சிறிதாகத் தேய்த்து அவை மீண்டும் சந்திக்கும்படி செய்வதே தீட்டுதலாகும். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபக்கத்து வாயோரத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். கட்டை விரலை முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக மெல்லத் தடவினால் அது தட்டுப்படும். கத்தியின் நீளம் முழுவதும் பிசிறு எழாத வரையில், எத்தனை நாழிகை தேய்த்திருப்பினும் அந்தப் பக்கம் முடிந்ததாகாது. புதிதாகக் கற்போர் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். இடுக்கில் கத்தியைச் செருகி இழுக்கும் சிறு கருவி மிகவும் மலிவானது. இரண்டு மூன்று இழுப்பில் வெட்டும் தன்மை வந்துவிடும். ஆனால் அதிலுள்ள கடின உலோகத் துண்டுகள் வாயைச் செதுக்கிப் பறிக்கின்றன. வாய் கரடுமுரடாகி விரைவில் மழுங்கும்; கத்தியும் தேய்ந்து குறையும். நல்ல கத்திக்கு இது தகாது. இறைச்சிக் கடைகளில் காணும் உருக்குக் கோலோ, வளைந்த வாயை நிமிர்த்துமேயன்றி, உருண்டுபோன வாயைக் கூராக்காது.

மின்சாரச் சாணையைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. எங்கள் வீட்டுப் பழைய அரிவாள்மணையை ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கினேன். தீப்பொறி பறக்கப் பிடித்துத் தந்தார்கள், பளபளவென்றிருந்தது, வாயோரத்தில் மட்டும் நீலம் பாரித்திருந்தது. ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூடு ஏறினால் எஃகு அந்நிறம் கொள்ளும். கொல்லர் இட்ட துவைச்சல் அந்தச் சூட்டிலே இளகிப்போயிற்று. அதன் பின்னர் அந்த அரிவாள் ஒரு வாரங்கூடக் கூர் தாங்கவில்லை.

கத்தியை இடுக்கியில் பிணித்து, கோலொன்றில் பொருத்திய கல்லை மாறாத கோணத்தில் ஓட்டும் பொறியும் உண்டு. கை பழகாதவர்க்கும் கோணம் பிசகாது என்பது அதன் சிறப்பு. விலை மிகுதி, நீண்ட கத்திக்கு இடுக்கியை இடம் மாற்றவேண்டும், அரிவாள்மணைக்கோ அது உதவாது.

ஆகவே தொடங்குவோர்க்கு நான் சொல்வது, இரு முகங்கள் கொண்ட சாதாரணத் தீட்டுக்கல் ஒன்றையே. நம் பக்கத்துப் பனையேறிகள் மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டிய முறையிலும் தத்துவம் இதுவே: எஃகைவிடக் கடிய துகள் வேண்டும். வெள்ளைக்கல்லைக் காட்டிலும் கடியது சிலிக்கன் கார்பைடு. அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் 1891-இல் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. 'கார்பொரண்டம் கல்' என்று நம் கடைகளில் கேட்டு வாங்குவது இதனையே. வைரத்தூள் பதித்த தகடுகள் இன்னும் விரைந்து தேய்க்கும். பழகாத கைக்கு அந்த விரைவு நன்மையன்று.

கல்லின் மேல் குறித்த எண் பெருகப் பெருகத் துகள் நுண்ணியதாகும். ஒரு முகம் 400, மறுமுகம் 1000 என்றிருந்தால் வீட்டுக்குப் போதும். 8000 வரை விற்கிறார்கள். காய்கறி அரிய அது வேண்டுவதில்லை. கல் 18 செண்டிமீட்டருக்குக் குறையாத நீளம் இருக்கட்டும். கல்லின்மேல் தண்ணீர் விடலாம். சமையல் எண்ணெய் மட்டும் கூடாது, பிசுபிசுத்துத் துளைகளை அடைத்துவிடும்.

கோணம் 15 முதல் 20 பாகை வரை. 4 செண்டிமீட்டர் அகலமுள்ள கத்தியாயின், அதன் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 1 செண்டிமீட்டர் உயர்ந்திருந்தால் 15 பாகை அமைந்துவிடும். ஐயமிருப்பின் வாயோரத்தில் மை தீட்டி இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். வாயின் விளிம்பில் மை எஞ்சியிருந்தால் முதுகை உயர்த்தவேண்டும். விளிம்பில் மட்டும் அழிந்து மேலே எஞ்சியிருந்தால் தாழ்த்தவேண்டும். இரு பக்கமும் பிசிறு எழுந்தபின், நுண்ணிய முகத்தில் அழுத்தமின்றி மாற்றி மாற்றி ஓட்டி, பழைய தோல்வாரில் வாய் பின்செல்லுமாறு இழுத்தால் பிசிறு உதிரும்.

அரிவாள்மணையில் அரிவாளை எடுத்துக் கல்லில் வைக்க இயலாதாகையால், சிறு கல்லைக் கையிற்கொண்டு அரிவாளின்மேல் ஓட்டவேண்டும். அப்போது விரல்கள் கல்லின் விளிம்பைத் தாண்டி நீளாதிருக்கட்டும். சில மாதங்களில் கல்லின் நடுப்பகுதி குழிந்துவிடும். தடித்த கண்ணாடித் துண்டின்மேல் முரட்டு உப்புத்தாளை விரித்து, நீர் தெளித்து, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் அது சமமாகும்.